நம்பாத அம்மா வாசித்த குர்ஆன்

எங்கள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களில் பலர் முதல் பக்கத்தில் 'தெய்வபக்தியில் சிறந்து விளங்கியவர்' என்ற வரியைத் தேடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தேட வேண்டாம், அது இல்லை. எங்கள் சமூகத்தில் யார் இறந்தாலும், பெற்ற தாயைப் பட்டினி போட்டவரே ஆனாலும், அந்த வரி அவருக்காக அச்சகத்தில் தயாராகக் காத்திருக்கும். அம்மாவுக்கு அது பொருந்தாது. அம்மா எந்தத் தெய்வத்தையும் நம்பவில்லை. நம்புவதாக நடிக்கவும் இல்லை.

அம்மாவின் ஒரே தம்பி, எங்கள் சமூக சங்கத்தின் செயலாளர், இந்த மலருக்கென்று தாமே ஒரு கட்டுரையை எழுதி எனக்கு அனுப்பினார். மாமாவின் கட்டுரையில் அம்மா எல்லா விரதமும் இருக்கிறார், கோயில் கோயிலாகப் போகிறார், கடைசி மூச்சில் இறைவனின் திருநாமத்தைச் சொல்கிறார். அந்தப் பெண்மணி யாரோ, எனக்குப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்த அம்மாவைப் பற்றி நான் எழுதுகிறேன். நான் மலையாளத்தில் படித்தவள். என் தமிழ் அம்மாவின் வாயிலிருந்து வந்தது. பிழைகள் இருந்தால் அவை என்னுடையவை.

அம்மா மட்டாஞ்சேரியில் பிறந்தார். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நிலைத்த தமிழ்க் குடும்பம். பள்ளிப் படிப்பை மட்டும் பாலக்காட்டுச் சித்தூரில் சித்தப்பா வீட்டில் தங்கித் தமிழில் படித்தார். பிறகு எறணாகுளத்தில் வேதியியல் பட்டம், ஏலூரில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை, கல்யாணம். நான் நடக்கப் பழகுவதற்கு முன்பே அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அப்பா போனதால்தான் அம்மாவுக்கு நம்பிக்கை போயிற்று என்று மாமா இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறார். கேட்பதற்கு உருக்கமாக இருக்கும். ஆனால் உண்மை இல்லை. கல்லூரி நாளிலேயே அம்மாவுக்கு நம்பிக்கை கிடையாது. அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் கட்டிக்கொண்டார்.

காலையில் படகுத் துறைக்கு ஓடி, அக்கரையில் பஸ் பிடித்து, ஏலூருக்குப் போய், அந்தியில் திரும்பி வந்து எனக்குச் சோறு போட்ட அம்மாவை இந்த உறவினர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்யாண வீடுகளில் முகூர்த்த நேரத்துக்கு அம்மாவைச் சமையல்கட்டுப் பக்கம் அனுப்பினார்கள். மாமாவின் கல்யாணத்திலேயே அது நடந்தது. அம்மா அங்கே நின்று அப்பளம் பொரித்தார். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. 'வரவில்லையே' என்று அவர்கள் குறைப்பட்டுக் கொண்டதைக் கேட்டால் யாருக்கும் இரக்கம் வரும். அவ்வளவு நன்றாகக் குறைப்பட்டுக் கொள்வார்கள்.

அம்மா பணி ஓய்வு பெற்ற பிறகு நடந்த ஒன்றைத்தான் இங்கே விரிவாக எழுதப் போகிறேன். ஏனென்றால் அதைப் பற்றித்தான் நீங்கள் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் பேசினீர்கள்.

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த வீட்டில் சுபைதா பெரியம்மா இருக்கிறார். பாலக்காட்டுத் தமிழ் ராவுத்தர் குடும்பம். பஜாரில் வத்தல் மண்டி வைத்திருந்த அவர் கணவர் முன்பே காலமாகிவிட்டார். அம்மா வேலைக்குப் போன வருடங்களில் எனக்குப் பள்ளிவிட்டு வந்ததும் சாயாவும் பழம்பொரியும் கொடுத்தவர் இந்தப் பெரியம்மாதான். அவருக்குக் கண்ணில் நீர் அழுத்தம் வந்து, பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஒரு கட்டத்தில் முழுதும் போயிற்று.

பெரியம்மா சிறு வயது முதல் குர்ஆனை அரபியில் ஓதுகிறவர். நிறைய மனப்பாடம். பொருள் தெரியாது. பொருளைத் தமிழில் வாசித்து முடித்துவிட வேண்டும் என்று ஒரு தமிழ் மொழிபெயர்ப்பை வாங்கி வைத்திருந்தார். வாசிக்க ஆரம்பித்த வருடமே கண் போயிற்று. மகன் நிஸார் அண்ணனுக்கு மலையாளம்தான் எழுதப் படிக்க வரும். மலையாள மொழிபெயர்ப்பு ஒன்றை அவர் சில நாள் வாசித்துக் காட்டினார். "ரேடியோவுல செய்தி சொல்ற மாதிரி இருக்குடா, நிறுத்து" என்று பெரியம்மா சொல்லிவிட்டார். பேத்தி போனில் தமிழ் ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அதுவும் சரிப்படவில்லை. கேள்வி கேட்டால் அது பதில் சொல்வதில்லை என்பது பெரியம்மாவின் குற்றச்சாட்டு.

ஒருநாள் அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அம்மா ஒளிக்கவில்லை.

"எனக்கு இதுல நம்பிக்கை இல்லக்கா. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். உனக்கு நம்பிக்கை இல்ல, எனக்குக் கண்ணு இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து வாசிப்போம், வா."

அப்படித்தான் ஆரம்பித்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து அம்மா அங்கே போவார். பெரியம்மா கட்டிலில், அம்மா ஜன்னலோரம் நாற்காலியில். நான் விடுமுறையில் வீட்டில் இருக்கும்போது போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

பக்தர் வாசிப்பது போல அம்மா வாசிக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு குப்பி வந்தால் முதலில் அது எங்கிருந்து எடுத்தது என்று பார்ப்பாரே, அந்த மாதிரி, ஒவ்வொரு பகுதியிலும் இது யாரைப் பார்த்துச் சொன்னது என்று முதலில் பார்ப்பார். மனிதர்களே என்று எல்லோரையும் அழைக்கிற இடம் வந்தால், "இது பொதுக்கா" என்பார். நம்பிக்கை கொண்டவர்களை அழைக்கிற இடம் வந்தால், "இது உங்களுக்கு." மறுப்பவர்களைப் பற்றி வந்தால் குரலை உயர்த்தி, "இது எனக்கு. கவனமாக் கேளுங்க, எனக்கு என்ன கிடைக்குதுன்னு" என்று சொல்லிவிட்டு வாசிப்பார். எச்சரிக்கைகள் கடுமையாக இருக்கும். பெரியம்மாவுக்குச் சங்கடம்.

"அதைத் தாண்டிப் போயேன் தங்கச்சி."

"எதுக்கு? என்கிட்ட சொன்னதை நான் வாசிக்க வேண்டாமா?"

"உன்னை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வெச்சுத் திட்டற மாதிரி இருக்கு."

"திட்டட்டும்கா. திட்டுறவங்க யாரைத் திட்டுறாங்களோ அவங்ககிட்டதானே பேசறாங்க? என்னைக் கண்டுக்காம விட்டிருந்தாத்தான் எனக்குக் கோவம் வரும்."

பெரியம்மா சிரிப்பார். அம்மா சண்டை போடுவார். இது நியாயமா, நம்பாதது ஒரு குற்றமா, நம்ப முடியாதவன் என்ன செய்வான் என்று கேட்பார். பெரியம்மாவுக்குத் தெரிந்ததைச் சொல்வார், தெரியாததைத் தெரியாது என்பார். அநாதைகளைப் பற்றியும் அளவையில் ஏமாற்றுகிறவர்களைப் பற்றியும் வருகிற இடங்களில் அம்மா சண்டை போட மாட்டார். மெதுவாக மறுபடி வாசிப்பார். "இதுக்கு நம்பிக்கை வேணும்னு இல்லக்கா. இது எனக்கும் சரிதான்" என்பார்.

இப்படி இரண்டு பெண்கள் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு மத்தியானப் பொழுதைக் கழிப்பதால் உலகில் யாருக்கு என்ன நஷ்டம் என்று உங்களில் யாராவது எனக்கு விளக்கினால் கேட்கத் தயாராக இருக்கிறேன். ஆனால் நஷ்டம் வந்துவிட்டதாக இரண்டு பேர் கிளம்பினார்கள்.

முதலாமவர் பெரியம்மாவின் மருமகன். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து மனைவியோடு மாமியார் வீட்டிலேயே தங்கி மார்க்கப் பிரச்சாரம் செய்துகொண்டிருந்தவர். பெயர் எழுத விருப்பமில்லை. மருமகனார் என்றே குறிப்பிடுகிறேன். மைக் கையில் இல்லாவிட்டாலும் மைக் இருப்பது போலவே பேசுவார். மாமியாரின் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கி வர மறந்துவிடுவார், ஆனால் மாமியாரின் மறுமை பற்றி அவருக்குத் தீராத கவலை. ஒரு மத்தியானம் உள்ளே வந்து அம்மாவின் மடியில் புத்தகம் இருப்பதைப் பார்த்தார். அவர் பேசியது மலையாளத்தில். நான் தமிழில் தருகிறேன்.

"உம்மா, நம்பிக்கையில்லாதவர் வாயிலிருந்து கேட்டால் என்ன பலன்? இது நம்பிக்கையாளர்களுக்கு உள்ளது."

"தமிழ் அர்த்தம்தானே மோனே, யாரு வாசிச்சா என்ன?" என்றார் பெரியம்மா.

"அர்த்தம் புரிந்துகொள்ள உள்ளத்தில் ஈமான், அந்த நம்பிக்கை, வேண்டும். சகோதரி, தப்பாக நினைக்காதீர்கள்."

கையை நீட்டினார். அம்மா புத்தகத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார். மறுநாள் போனபோது கதவு வெளியே பூட்டியிருந்தது. பெரியம்மா சுவரைத் தட்டி, "தங்கச்சி, சாவி அவன்கிட்ட இருக்கு" என்றார். மனைவியும் வெளியே போயிருந்த நேரத்தில், கண் தெரியாத பெண்ணை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு அந்த மனிதர் ஊருக்கு உபதேசம் செய்யப் போயிருந்தார்.

இரண்டாமவர் எங்கள் மாமா. காக்கநாட்டிலிருந்து காரில் வந்தார். சந்துக்குள் கார் நுழையாததால் நடந்து வர வேண்டியதாயிற்று. அந்தக் கோபமும் சேர்ந்திருந்தது.

"அக்கா, ஊரெல்லாம் பேசுது. நீ துலுக்க வீட்ல உக்காந்து குர்ஆன் ஓதறியாமே?"

"ஓதலை. வாசிக்கறேன். இப்ப அதுவும் நின்னு போச்சு."

"நமக்குன்னு புத்தகம் இல்லையா? நம்ம புத்தகத்தை விட்டுட்டு அவங்க புத்தகத்தைத் தொடறது எதுக்கு? அதுல நம்மளைப் பத்தி என்ன சொல்லியிருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். வாசிச்சேனே. உனக்குத் தெரியுமா?"

"எனக்கு வாட்ஸ்அப்ல வந்தது."

"சரி, நம்ம புத்தகம்னியே, அதை நீ வாசிச்சிருக்கியா தம்பி?"

"வீட்ல இருக்கு."

"எங்க?"

"பூஜை அறையில. பட்டுத் துணி சுத்தி வெச்சிருக்கேன்."

"பிரிச்சிருக்கியா?"

மாமா சாயாவைக் குடித்துவிட்டு, சங்கத்தில் தம் பெயருக்கு இழுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். இழுக்கு வருமளவுக்கு அந்தப் பெயரில் என்ன இருந்தது என்று அம்மா கேட்கவில்லை. நான் கேட்டிருப்பேன்.

வாசிப்பு நின்றது. அம்மா மத்தியானங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் துவைத்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா மனப்பாடமாக அரபியில் ஓதுவது கேட்கும். "இதுக்கு அர்த்தம் பாதிதான் வாசிச்சுக் காட்டியிருக்கேன், மிச்சம் அவங்களுக்குத் தெரியாது. பக்கத்துல இருந்தும் சொல்ல முடியல" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அம்மாவின் கண் கலங்கி நான் பார்த்தது அபூர்வம். அன்று பார்த்தேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் சுவர்களில் சுவரொட்டி வந்தது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் பொதுக்கூட்டம். தலைப்பு: 'குர்ஆன் எல்லா மனிதருக்கும்'. பிற மதச் சகோதரர்கள் சிறப்பாக அழைக்கப்படுகிறார்கள், பிரியாணி உண்டு, மொழிபெயர்ப்பு இலவசம். முக்கியப் பேச்சாளர், நம் மருமகனார். மதநல்லிணக்க விருந்தினர்களின் படங்களில் தமிழ்ச் சமூகப் பிரதிநிதியாக, நெற்றியில் சந்தனத்துடன், நம் மாமா.

நான் இட்டுக்கட்டுவதாக நினைப்பவர்கள் மாமாவிடமே கேட்கலாம். அந்தப் படத்தை அவர் இன்னும் வைத்திருப்பார்.

அம்மா கஞ்சி போட்ட பருத்திப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். பெண்கள் பகுதியில் உட்கார்ந்தோம். மாமாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மாமா மைக்கைப் பிடித்து, இந்தப் புனித நூலின் மீது சிறு வயது முதலே தமக்கு அளவற்ற மரியாதை என்றும், எல்லா நூல்களும் ஒன்றையே சொல்கின்றன என்றும் பேசினார். எந்த நூலையும் பிரிக்காத ஒருவருக்கு எல்லா நூலும் ஒன்றைச் சொல்வதில் என்ன சிரமம் இருக்க முடியும்? அம்மா முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மருமகனார். கையை விரித்து விரித்துப் பேசினார். இது ஒரு கூட்டத்தாரின் சொத்து அல்ல, நம்புகிறவனிடமும் பேசுகிறது, நம்பாதவனிடமும் பேசுகிறது, இதன் கதவு யாருக்கும் அடைபட்டதில்லை என்றார். கதவு என்ற சொல்லை அவர் சொன்னபோது நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எழுந்து நின்றிருந்தார்.

கேள்வி நேரம் இன்னும் வரவில்லை என்று தொண்டர் ஒருவர் ஓடி வந்தார். மேடையில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த, பள்ளிவாசலில் மார்க்கம் சொல்லிக்கொடுக்கும் வயதான உஸ்தாத், "அவர் கேட்கட்டும்" என்று கைகாட்டினார். மைக் வந்தது.

"எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. எந்தக் கடவுள் மேலும் இல்லை. இந்தப் புத்தகம் என்னிடமும் பேசுகிறதா?" என்று அம்மா மலையாளத்தில் கேட்டார்.

கூட்டத்தில் யாரென்று மருமகனார் முதலில் கவனிக்கவில்லை. குரலில் தேன் வடிய, "நிச்சயமாக, சகோதரி! உங்களைப் போன்றவர்களிடம்தான் அது மிகுந்த அக்கறையோடு பேசுகிறது" என்றார்.

"அப்படியானால் நாளை மத்தியானம் உங்கள் வீட்டுக்கு வரட்டுமா? நானும் உங்கள் மாமியாரும் வாசித்துக்கொண்டிருந்தது பாதியில் நிற்கிறது. கதவைப் பூட்டாமல் இருந்தால் போதும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெண்கள் பகுதி முழுவதும் அந்தச் சிரிப்பு பரவியது. மருமகனார் தண்ணீர் குடித்தார். மாமா பொன்னாடையைச் சரிசெய்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே மேசை விரிப்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எல்லா மதமும் ஒன்று என்று மாமா சொன்னது அந்த நிமிடத்துக்கு மட்டும் முழு உண்மையாக இருந்தது.

உஸ்தாத் மைக்கை வாங்கினார். அம்மாவிடம் என்ன வாசிக்கிறீர்கள், எதுவரை வந்திருக்கிறது என்று விசாரித்தார். "அர்த்தத்தை வாசிப்பதற்கு என்ன தடை? வாசியுங்கள். சந்தேகம் வந்தால் பள்ளிவாசலுக்குச் சொல்லி அனுப்புங்கள்" என்றார். அவ்வளவுதான். அதைச் சொல்ல அவருக்குக் கையை விரிக்க வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் பிரியாணிக்கு நிற்காமல் வந்துவிட்டோம். அன்று சாயங்காலமே விஷயம் தெரிந்து ஆலுவாவிலிருந்து நிஸார் அண்ணன் வந்து வெளிக்கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டு, சாவியைத் தாயின் இடுப்பில் செருகிவிட்டுப் போனார்.

வாசிப்பு மறுபடி தொடங்கியது. மருமகனார் வேறு வழியில் வந்தார். இப்போது அம்மா அவருக்கு ஒரு வாய்ப்பாகத் தெரிந்தார். ஒருநாள் தம்மைப் போலவே பேசும் இருவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். தலைக்குப் போடும் துணி ஒன்றைப் பொட்டலமாகக் கொண்டு வந்திருந்தார்கள்.

"சத்தியத்தை அறிந்துவிட்டீர்கள். இன்னும் ஏன் தயக்கம்?"

"அறிந்துவிட்டேன் என்று யார் சொன்னது? வாசித்தேன். அவ்வளவுதான்" என்றார் அம்மா.

"வாசித்தவருக்கு மனம் மாறாமல் இருக்காது."

"நீங்களும் வாசித்திருக்கிறீர்கள் அல்லவா?" என்றார் அம்மா. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதே வாரம் அம்மா மதம் மாறிவிட்டார் என்று எங்கள் சங்கத்தில் பேச்சு. மாமா அதை மறுக்கவில்லை. கேட்டவர்களிடம் பெருமூச்சு விட்டார். மறுப்பதைவிடப் பெருமூச்சு விடுவது அவருக்கு எளிது. வருடாந்திரக் கூட்டத்துக்கு அம்மாவுக்கு அழைப்பு வரவில்லை. முன்பு அழைத்தபோது அம்மா போனதில்லை என்பதால் இதில் அம்மாவுக்கு எந்த இழப்பும் இல்லை.

முழுதும் வாசித்து முடித்த அன்று பெரியம்மா பாயசம் வைக்கச் சொன்னார். நானும் இருந்தேன். "இப்ப சொல்லு, எல்லாத்தையும் வாசிச்சுட்டே. இது எல்லார்கிட்டயும் பேசுதா இல்லையா?" என்று பெரியம்மா கேட்டார்.

அம்மா கிண்ணத்தை வைத்துவிட்டுச் சொன்னார்: "பேசுது. எல்லார்கிட்டயும்தான் பேசுது. ஆனா ஒரே மாதிரி பேசலக்கா. உங்ககிட்ட வரும்போது குரல் இறங்குது. என்கிட்ட வரும்போது சத்தம் போடுது. பொய் சொல்லி, ரெண்டும் ஒண்ணுதான்னு நான் சொல்ல மாட்டேன்."

"சத்தம் போட்டாலாவது நீ திரும்பிப் பார்ப்பியான்னுதான்" என்றார் பெரியம்மா.

"திரும்பிப் பாத்தேன்கா. முழுசாப் பாத்தேன். என்னால நம்ப முடியல."

பெரியம்மா அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டவர் எல்லாம் ஒன்று என்றார். மேடையில் கை விரித்தவர் எல்லோருக்கும் உரியது என்றார். என்ன வித்தியாசம் என்பதைச் சொல்லும் நேர்மை அந்தப் புத்தகத்தை முழுதாக வாசித்த ஒருவருக்கும் அதைக் கேட்ட ஒருவருக்கும் மட்டும்தான் இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அம்மாவுக்குக் கல்லீரலில் கட்டி என்று தெரிந்தது. பெரிய மருத்துவமனையில் பார்த்தோம். இனிச் செய்வதற்கு அதிகமில்லை என்றார்கள். அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றார். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டேன். அம்மாவால் உட்கார முடியவில்லை, எழுத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். தம் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, மத்தியானம் தவறாமல்.

ஒருநாள் பெரியம்மாவின் உதடு பிரார்த்தனையில் அசைவதை அம்மா பார்த்தார்.

"எனக்காக துஆ கேக்கறீங்களாக்கா?"

"ஆமா. உனக்குப் பிடிக்கலன்னா காதைப் பொத்திக்க."

"கையைத் தூக்க முடியல."

"அப்ப கேட்டுக்கிட்டுக் கிட."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தால் அம்மாவுக்கு வலிக்கும். வலித்தும் சிரித்தார்.

இன்னொரு நாள், நான் அடுக்களையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது அம்மாவின் குரல் கேட்டது. தெளிவாகத்தான் பேசினார்.

"நான் எங்க போவேன்னு உங்க புத்தகம் சொல்லுது, அது நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். நான்தானே வாசிச்சேன். நீங்க அதை நம்பறவங்க. உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

நான் கரண்டியை வைத்துவிட்டு நின்றேன்.

"கஷ்டமா இருக்கு" என்றார் பெரியம்மா. "தினம் தொழும்போது அழறேன். ஆனா ஒண்ணு தங்கச்சி. தீர்ப்பு அவன்கிட்ட இருக்கு. என் மருமகன்கிட்ட இல்ல, என்கிட்ட இல்ல, உன்கிட்டயும் இல்ல. நீயே முடிவு பண்ணிடாதே."

அம்மா ஏதோ சொல்ல நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். எல்லா வாதத்திலும் கடைசிச் சொல்லைத் தம்மிடம் வைத்துக்கொள்கிறவர் அம்மா. அந்த ஒன்றில் மட்டும் கடைசிச் சொல்லைப் பெரியம்மாவுக்குக் கொடுத்தார்.

அம்மா ஒரு காலைப் பொழுதில், என் கையைப் பிடித்துக்கொண்டு போனார். எந்தத் திருநாமமும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

செய்தி கேட்டு வந்த மாமா வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன், சங்கத்துக்காரர் இருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சடங்கு எந்த முறைப்படின்னு முதல்ல தெளிவாகணும். சங்கத்துக்கு நான் பதில் சொல்லணும்" என்றார். உள்ளே என் தாய் கிடக்கிறார். இவருக்குச் சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். மின்தகன மேடை, எந்தச் சடங்கும் வேண்டாம் என்பது அம்மாவின் விருப்பம் என்று சொன்னேன். அவர் முகத்தில் வந்தது துக்கம் அல்ல, நிம்மதி. எந்தப் பக்கமும் சேராத பிணத்தால் சங்கத்தில் தகராறு வராது.

நிஸார் அண்ணன் பெரியம்மாவைக் கைபிடித்துக் கூட்டி வந்தார். பெரியம்மா குனிந்து அம்மாவின் முகத்தை நெற்றியிலிருந்து முகவாய் வரை விரலால் தடவிப் பார்த்தார். அப்போது பின்னால் வந்த மருமகனார், இத்தனை பேர் நடுவில், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு கேட்டார்: "உம்மா, கடைசியில் கலிமா சொல்லிக் கொடுத்தீர்களா? அவர் சொன்னாரா?"

கலிமா என்றால் இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி. மாமாவும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். இருவருக்கும் அதற்குப் பதில் வேண்டியிருந்தது, வேறு வேறு காரணத்துக்காக.

பெரியம்மா நிமிர்ந்தார். பார்வையில்லாத கண்கள் மருமகன் நின்ற பக்கம் சரியாகத் திரும்பின.

"அவ எனக்கு வாசிச்சுக் காட்டினா, நான் கேட்டேன். நான் துஆ கேட்டேன், அவ கேட்டுக்கிட்டுக் கிடந்தா. எங்களுக்குள்ள நடந்தது அவ்வளவுதான். மிச்சத்தை அல்லாஹ் கேப்பான், அவகிட்டயும் என்கிட்டயும். நீ யாருடா நடுவுல?"

பிறகு அம்மாவின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தார். வண்டி வரும்வரை எழுந்திருக்கவில்லை.

அம்மாவின் நோய்க் காலத்திலும் அதற்குப் பின்னும் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்குக் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்கிறேன். வலிக்கு மருந்து கொடுக்க வீட்டுக்கே வந்த நர்ஸ் சகோதரி, மழையில் வண்டி ஓட்டிய நிஸார் அண்ணன், சமைத்துக் கொண்டு வந்து கொடுத்த எதிர்வீட்டார், ஆலையில் அம்மாவோடு வேலை பார்த்து இன்றும் என்னை விசாரிக்கும் தோழியர், கேட்டதும் ஆள் அனுப்பி உதவிய உஸ்தாத், எல்லோருக்கும் நன்றி. சுபைதா பெரியம்மாவுக்கு நன்றி என்ற சொல் போதாது. அவருடைய கட்டிலருகே உள்ள நாற்காலியில் இப்போது யாரும் உட்காருவதில்லை. நான் வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஒரு தடவை கேட்டாயிற்று, இனி நினைத்துப் பார்க்கிற வேலைதான் என்றார்.

மாமாவுக்கும் மருமகனாருக்கும் நன்றி சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை, தேடிப் பார்த்தேன். இருவருக்கும் இந்த மலரின் பிரதியை என் கையாலேயே உறையில் போட்டு அனுப்புகிறேன். பிரித்துப் படிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்குச் சிறிதும் இல்லை. ஆனாலும் அவர்களிடமும் சொல்ல வேண்டியிருந்தது.